உஷார்! பளபளக்கும் டெக்கை நம்பிவிடாதீர்கள்

மழைக்காலம் ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட், சன்னிவேல், சான் ரமோன் பக்கத்துத் தெருக்களில் பிக்-அப் வண்டிகள் மெதுவாக ஊர்ந்து வர ஆரம்பிக்கும். உங்கள் வீட்டுப் பின்பக்கத்து மர டெக் நரைத்துப்போய் வேலி இடுக்கில் கண்ணில் பட்டால் போதும், கதவு தட்டப்படும். "இரண்டு தெரு தள்ளி ஒரு வேலை முடித்தோம், சீலர் மிச்சம் இருக்கிறது. இன்றைக்கே என்றால் பாதி விலைக்குப் பூசித் தருகிறோம். பணமாகக் கொடுத்தால் இன்னும் குறைக்கிறோம்."

அந்த நேரத்தில் கதவைத் திறப்பது பெரும்பாலும் யார்? பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து சில மாதம் தங்கியிருக்கும் அப்பாவோ அம்மாவோதான். பிள்ளையும் மருமகளும் ஆபீஸில். வந்தவன் சிரித்துப் பேசுகிறான், கையில் பெயர் அச்சடித்த அட்டை இருக்கிறது, சொல்லும் விலையும் மலிவாகத் தெரிகிறது. பிள்ளைக்கு ஒரு வேலையை மிச்சப்படுத்திக் கொடுப்போமே என்ற நல்ல மனசோடு பெரியவர் தலையாட்டிவிடுகிறார்.

அந்தத் தலையாட்டலில் பணம் போனால்கூடப் பரவாயில்லை என்பேன். உளுத்துப்போன மரத்தின் மேல் பூச்சு ஏறிவிட்டால், அது உளுத்திருப்பது அடுத்த சில வருடங்களுக்கு யார் கண்ணுக்கும் தெரியாது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு இருபது பேர் அதன் மேல்தான் நிற்பார்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் பெர்க்லியை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூன் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 21ஆவது பிறந்தநாள் விருந்து. பால்கனியில் 13 பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கோடைகால வேலைக்காக அயர்லாந்திலிருந்து வந்த மாணவர்கள். பால்கனி சுவரோரமாக முறிந்து கவிழ்ந்தது. 6 பேர் இறந்தார்கள், 7 பேருக்குப் படுகாயம். கட்டடத்துக்கு வயது பத்துகூட ஆகியிருக்கவில்லை. விசாரணை நடத்திய மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொன்ன காரணம்: கட்டும்போதே ஈரம் பால்கனித் தளத்துக்குள் அடைபட்டுவிட்டது, அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கிடந்து, தாங்கி நின்ற விட்டங்களை மக்கச் செய்துவிட்டது.

டெக் வேலையில் யாரை அழைத்தாலும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அழைக்க வேண்டும். நீரை வெளியே நிறுத்துவதற்காகப் பூசும் பூச்சு, ஏற்கெனவே உள்ளே போன நீரையும் வெளியே விடாது. ஈரமான மரத்தின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் அர்த்தம். வேலை தெரிந்த காண்டிராக்டர் முதலில் மரத்தைத் தட்டிப் பார்ப்பார், குத்திப் பார்ப்பார், அடியில் புகுந்து பார்ப்பார், அதற்கப்புறம்தான் பூச்சைப் பற்றி வாய் திறப்பார். வந்த பத்தாவது நிமிடத்தில் பிரஷ்ஷை எடுக்கிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஃப்ரீமாண்டில் நண்பர் ஒருவர் வீட்டில், சமீபத்தில் 'சீல்' செய்த ரெட்வுட் டெக் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்த்தேன். தேன் நிறத்தில் மின்னியது. பின்வாசல் கதவுக்கு நேர் கீழே, கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் கால் வைத்தபோது பலகை லேசாக அமுங்கியது. இருவருமாகத் தொட்டியை நகர்த்தினோம். அடியில் வட்டமாகப் பழைய சாம்பல் நிறம். தொட்டியைத் தூக்காமலே சுற்றிச் சுற்றிப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். வருடக்கணக்காகத் தொட்டியிலிருந்து நீர் கசிந்து நின்ற இடம் அதுதான், முதலில் பார்த்திருக்க வேண்டிய இடமும் அதுதான். கீழே குனிந்து, அந்தப் பலகையைத் தாங்கும் விட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். வெந்த சேனைக்கிழங்கில் இறங்குவதுபோல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. வெளியே இழுத்தால் கம்பி முழுக்க ஈரத்தோடு ஒட்டிய பழுப்புத் தூள்.

இன்னொன்றும் பார்த்தேன், அது இதைவிட மோசம். ஸ்டக்கோ சுவரின் அடிவிளிம்பில், சுவருக்குள் இறங்கும் நீர் வடிந்து வெளியேறுவதற்கென்றே ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியைச் சிலிக்கான் பசை வைத்து ஓர் இடம் விடாமல் அடைத்திருந்தார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தண்ணீர் கீழே இறங்க விட்டிருந்த சந்துகளிலும் அதே பசை. "ஒரு ஓட்டை விடாம நல்லா அடைச்சுக் கொடுத்தாங்க தம்பி" என்று நண்பரின் அப்பா சந்தோஷமாகச் சொன்னார். அவர் பேரில் என்ன தப்பு? மாம்பலத்தில் மொட்டை மாடி ஒழுகினால் விரிசலை அடைப்பதுதான் வைத்தியம். இங்கே மரவீட்டில், எந்த ஓட்டை ஒழுகல், எந்த ஓட்டை வடிகால் என்று தெரிந்தவன்தான் பசைத் துப்பாக்கியைத் தொடலாம். தெரியாதவன் கையில் அது வீட்டின் சுவரையே அழுக வைக்கும்.

எங்கே பார்ப்பது? டெக்கின் உயிர் வீட்டுச் சுவரோடு அது சேரும் இடத்தில் இருக்கிறது. லெட்ஜர் என்று சொல்லும் நீளப் பலகை அங்கேதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், டெக்கின் பாதி எடை அதன் தலையில்தான். அதன் மேல்விளிம்பில் நீர் உள்ளே போகாமல் தகடு வளைத்து விட்டிருக்க வேண்டும். ஃப்ளாஷிங் என்பார்கள். அந்தப் பலகை தடிமனான போல்ட்டுகளாலோ லேக் ஸ்க்ரூக்களாலோ முடுக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் ஆணிகள் மட்டும் அடித்திருந்தால், பூச்சு வேலையை மறந்துவிட்டு உடனே கட்டுமானம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஆணி மெல்ல மெல்லக் கழன்று வரும். கூட்டம் ஏறுகிற அன்றைக்கு மொத்தமாகப் பிடுங்கிக்கொள்ளும். கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். படிக்கட்டின் அடிக்கால் மண்ணைத் தொடும் இடத்தைக் குத்திப் பாருங்கள். கீழிருந்து டார்ச் அடித்து விட்டங்களைத் தாங்கும் இரும்புக் கொக்கிகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு சனிக்கிழமைக் காலையில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு நீங்களே செய்யக்கூடிய காரியம் இது. காண்டிராக்டரைக் கூப்பிடும் முன்பே செய்துவிட்டால், வந்தவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்காமல் விடுகிறார் என்பதிலேயே அவருடைய வேலையின் தரம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

"காலையில் கழுவி, மதியம் பூசி, சாயங்காலம் கிளம்பிவிடுவோம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கழுவிய மரம் பூச்சுக்குத் தயாராக நல்ல வெயிலிலும் குறைந்தது இரண்டு நாள் வேண்டும். பனிமூட்டம் இறங்கும் கடலோர ஊர்களில் அதற்கும் மேலே ஆகும். ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கையோடு வைத்திருப்பார்கள். பலகையில் அதன் ஊசிகளைக் குத்தி, ஈரம் சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டப்பாவைத் திறப்பார்கள். உங்களுக்குக் கருவி வேண்டாம். பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் வேலை செய்கிறது, இந்த வருடம் யாரையும் கூப்பிடவே வேண்டாம். சில நிமிடங்களில் உறிஞ்சிக்கொண்டால்தான் பூச்சுக்கு நேரம் வந்திருக்கிறது. கதவைத் தட்டுகிற ஆள் இந்தச் சோதனையை ஒருநாளும் செய்து காட்டமாட்டான்.

பிரஷர் வாஷரும் அப்படித்தான். வேகத்தை ஏற்றிக் குழாய்முனையைக் கிட்டே கொண்டுபோனால் ரெட்வுட், சீடர் மாதிரி மென்மையான மரத்தின் நார் கிளம்பிச் சிலும்பாக நிற்கும், குழந்தைகளின் காலில் ஏறும். அதோடு சந்துகளுக்குள் தண்ணீரை அடித்து ஏற்றும். மரம் 'புதுசாகிவிட்டது' என்று அவர்கள் காட்டும் வெளுப்பு, மேல்தோல் உரிந்ததன் வெளுப்பு. பூசும் பொருளின் டப்பா சீல் உடையாமல் வருகிறதா என்றும் பாருங்கள். ஒரு கேலன் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், பொருளுக்குத் தக்கபடி பெரும்பாலும் 150 முதல் 300 வரை. 600 சதுர அடி டெக்குக்கு ஒரே ஒரு கேலன் டப்பாவோடு வருகிறவர் அதில் எதையோ கலந்து நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் டெக் 2004க்கு முன்னால் கட்டியதா? இதற்கு முன் சொன்னதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அந்தக் காலத்து மருந்தேற்றிய மரத்தில் குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கலவையை ஏற்றியிருப்பார்கள். ஆர்சனிக் என்பது பாஷாணமேதான். வீடுகளுக்கு இந்த மரம் தயாரிப்பது 2003 முடிவோடு அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது, ஆனால் அதற்கு முன்னால் கட்டியவை இன்னும் நிற்கின்றன. மேல்பலகை ரெட்வுட்டாக இருந்தாலும் அடிச்சட்டம் இந்த மரமாக இருக்கலாம். இதில் மரம் தேய்க்கும் சாண்டரை ஓட்டினால் பறக்கும் தூள் டெக்குக்குக் கீழே நீங்கள் போட்டிருக்கும் கீரைப் பாத்தியில்தான் விழும். குழந்தை கையை வாயில் வைக்கும். வெட்டிய துண்டுகளை யாரும் அடுப்பிலோ குளிர்காயவோ எரிக்கவே கூடாது. டெக்கின் வயதை உங்களிடம் கேட்காமலே சாண்டரை ப்ளக்கில் சொருகுகிற காண்டிராக்டரைத் தடுத்து நிறுத்த உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

இனி பணம். நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஊரில் கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய கை நம்முடையது, "சாமான் வாங்கப் பாதிப் பணம் கொடுங்கள்" என்று கேட்டால் நமக்கு அது நியாயமாகத்தான் படும். கலிஃபோர்னியாவில் அது சட்டவிரோதம். வீட்டு வேலைக்கு முன்பணமாக மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஒரு காண்டிராக்டர் கேட்கக் கூடாது. விசேஷப் பிணைப் பத்திரம் வைத்திருக்கும் மிகச் சிலருக்கு மட்டும்தான் விலக்கு. 8,000 டாலர் வேலைக்கு முன்பணம் 800, அவ்வளவுதான். அதற்குப் பிறகும், முடிந்த வேலைக்கும் வந்து இறங்கிய சாமானுக்கும் மட்டும்தான் பணம். பாதியை முன்னாலேயே கேட்கிறவருக்குச் சட்டம் தெரியாமல் இருக்கலாம், தெரிந்தே மீறலாம். எப்படியானாலும் அவர் நமக்கு வேண்டாம்.

லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு என்ற மாநில வாரியத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, யார் பெயரில், என்ன வகை, பிணைத்தொகை உண்டா, வேலையாட்களுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா, வாரியம் நடவடிக்கை எடுத்திருக்கிறதா எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். வந்தவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் தளத்தில் உள்ள பெயரும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள். அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. 2025 ஜனவரி முதல், ஆள் வைக்காமல், பெர்மிட் தேவைப்படாமல், மொத்தம் 1,000 டாலருக்குள் முடியும் சின்ன வேலையை மட்டும்தான் லைசென்ஸ் இல்லாதவர் செய்யலாம். கூடவே ஒரு உதவியாளைக் கூட்டி வந்தாலே அந்தச் சலுகை போய்விடும்.

வாட்ஸ்அப் குழுவில் "எங்க வீட்டுக்கு ஒருத்தர் நல்லா செஞ்சு கொடுத்தார்" என்று வரும் போன் நம்பரையும் இப்படியே விசாரியுங்கள். சொல்கிறவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார், ஆனால் அவர் பார்த்திருப்பது பூசி ஒரு மாதம் ஆன டெக். இரண்டு மழைக்காலம் தாண்டிய டெக் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், போய்ப் பாருங்கள். லைசென்ஸும் வேலையாள் இன்ஷூரன்ஸும் இல்லாதவர் கூட்டி வந்த ஆள் உங்கள் டெக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டால், அந்தச் செலவு உங்கள் தலையில் வந்து விடியலாம். அந்தத் தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால் அது அவருக்கும் அநியாயம்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு பலகையைக்கூடத் தொட விடாதீர்கள். 500 டாலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். என்ன கழுவுவார்கள், எத்தனை நாள் காய விடுவார்கள், எந்தப் பொருள், எத்தனை பூச்சு, உளுத்த பலகை கண்ணில் பட்டால் அதை மாற்ற என்ன விலை, எல்லாம் அதில் வர வேண்டும். அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால்தான் வம்பு. வேலை பாதியில் நிற்கும்போது "உள்ளே எல்லாம் போய்விட்டது, இன்னும் 4,000 ஆகும்" என்பார்கள், டெக்கைப் பிரித்துப் போட்டிருக்கும் நிலையில் உங்களுக்கு வேறு வழி இருக்காது.

இதோடு ஒரு வில்லங்கமும் உண்டு. மரமும் சீலரும் கொடுத்த கடைக்காரருக்கோ, துணைக்கு எடுத்த ஆட்களுக்கோ உங்கள் காண்டிராக்டர் பணம் தராமல் போனால், அவர்கள் உங்கள் வீட்டின் மேல் லீன், அதாவது பாக்கிக்கான உரிமைக் கோரிக்கை, பதிவு செய்யலாம். நீங்கள் முழுப் பணத்தையும் கொடுத்திருந்தாலும் சரி. வீட்டை விற்கப் போகும்போதோ, ரீஃபைனான்ஸ் செய்யும்போதோ அது வந்து முட்டும். வேலை தொடங்கிய முதல் சில வாரங்களில் தபாலில் 'முன்னறிவிப்பு' என்று ஒரு கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். யாருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்ற பட்டியல் அதுதான். கடைசித் தவணை கொடுக்கும் முன், அந்தக் கடிதம் அனுப்பியவரிடமிருந்து 'பாக்கி இல்லை' என்ற கையெழுத்தை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

காண்டோ, டவுன்ஹவுஸில் இருப்பவர்கள் பால்கனியைத் தாமாகவே பூச ஆள் கூப்பிடக் கூடாது. பெர்க்லி சாவுகளுக்குப் பிறகு வந்த எஸ்.பி. 326 சட்டப்படி, தரையிலிருந்து 6 அடிக்கு மேல் உள்ள, மரம் தாங்கும் பால்கனிகளை 9 ஆண்டுக்கு ஒருமுறை குடியிருப்போர் சங்கம் தகுதியுள்ள பொறியாளரையோ கட்டடக் கலைஞரையோ வைத்துச் சோதிக்க வேண்டும். வாடகைக் குடியிருப்புகளுக்கு எஸ்.பி. 721, அங்கே 6 ஆண்டுக்கு ஒருமுறை. சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்றா? வீட்டுக்கே வந்து பேசிப் போட்ட ஒப்பந்தத்தை மூன்று வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். கையெழுத்துப் போட்டவருக்கு 65 வயதோ அதற்கு மேலோ என்றால் ஐந்து வேலை நாட்கள். ரத்து செய்வதை எழுத்தில் அனுப்பிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலம் தாண்டிவிட்டதா? படங்கள், ரசீது, குறுஞ்செய்தி எல்லாவற்றையும் எடுத்து வைத்து லைசென்ஸ் வாரியத்தில் புகார் கொடுங்கள், நான்கு ஆண்டு வரை அவகாசம் உண்டு. லைசென்ஸ் தேவைப்படும் வேலையை லைசென்ஸ் இல்லாமல் செய்தவரிடம், கொடுத்த பணம் முழுவதையும் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். 12,500 டாலர் வரை சிறுவழக்கு மன்றத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்துகொண்டால் அடுத்த முறை நடந்ததையே உங்களிடம் சொல்லமாட்டார், மூன்று நாளும் போய்விடும்.

கடைசியாக, தள்ளிப்போடவே முடியாத ஒன்று. எண்ணெய் கலந்த ஸ்டெயின் என்ற மரப்பூச்சைத் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அது யாரும் தீ வைக்காமல் தானாகவே பற்றிக்கொள்ளலாம். ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும். கசங்கிய துணிக்குள் அந்தச் சூட்டுக்கு வெளியேற வழியில்லை, ஏறிக்கொண்டே போகும். 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் எரிந்ததும் இதனால்தான். மரப் பலகைகளுக்கு மெருகேற்ற வந்தவர்கள் 22ஆம் மாடியில் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகள்தான் அதைத் தொடங்கி வைத்தன. தீயை அணைக்கப் போன 3 வீரர்கள் இறந்தார்கள். டெக் பூசும் ஆட்கள் இந்தத் துணிகளை உங்கள் கராஜ் குப்பைத் தொட்டியில் திணித்துவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். கராஜுக்கு மேலேதான் பல வீடுகளில் குழந்தைகள் படுக்கும் அறை இருக்கிறது. துணிகளை வெளியே சிமெண்டுத் தரையில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்துக் காய விடலாம், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீருக்குள் முழுக்க அமுக்கி வைத்து, உங்கள் கவுண்டியின் அபாயக் கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுக்கலாம். இன்றைக்கு உங்கள் வீட்டில் பூச்சு வேலை நடந்திருந்தால், கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டுப் போய் அந்தத் துணிகள் எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள்.